வெள்ளைச் செரி மரத்து ஏணி

யன்னல் பக்கம் நீர் இரும் பிள்ளை. எனக்கு வேண்டாம். அந்த ஏரியைப் பாத்துக்கொண்டு வந்தால் தலை சுத்தும். நீர் எண்டு கதைக்கிறன், குறை நினைக்காதையும். ஒரு மகள் இருந்திருந்தால் உம்மட வயசுதான் இருக்கும். எனக்கு ஒரே ஒரு பெடியன். அவன்ர கதையைப் பேந்து சொல்லுறன், பேந்து எண்டால் பிறகு.

முன்னுக்கு இருந்து உம்மட மாமி நித்திரையோ? கொள்ளட்டும், பாவம். எங்கட முதியோர் சங்கத்து ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான். செரிப்பழம் புடுங்கப் போறம், செரிப்பழம் புடுங்கப் போறம் எண்டு ஒரு மாசமாப் புழுகுவினம். பஸ்ஸில ஏறினால் நித்திரை. தோட்டத்தில இறங்கினால் நிழல் எங்க எண்டு தேடுவினம். கொண்டுவந்த புளிச்சாதத்தைத் திண்டுபோட்டு, இதைக் கடையிலயும் வாங்கலாமெல்லோ எண்டு ஒரு கதை வேற.

கடையில வாங்கலாம்தான். கடைச் செரிக்குச் செரியின்ர நிறம் இருக்கும், அவ்வளவுதான்.

நீர் சென்னையில வளந்த பிள்ளை எண்டு மாமி சொன்னவ. போன மார்கழியிலதானே இஞ்ச வந்தனீர்? அப்ப உமக்கு இதுதான் முதல் செரிக்காலம். கேளும், சொல்லித்தாறன். இந்த பஸ்ஸில என்னைவிட வடிவாச் சொல்ல ஆள் இல்லை. முதல் பழுக்கிறது விஸ்டா. பாக்க ஆசையா இருக்கும், வாயில போட்டால் வெறும் தண்ணி. அதுக்கு மயங்கி வாளியை நிரப்பிறவனுக்கு விசர். அடுத்தது ஸ்டெல்லா. அது நல்ல பிள்ளை. இனிப்பு இருக்கும், புளிப்பும் ஒரு சொட்டு இருக்கும், ஒரு கை அள்ளினால் மற்றக் கை தன்பாட்டில போகும். பிறகு பிங். கறுப்பு. கடிக்கேக்க படக்கெண்டு ஒரு சத்தம் கேக்கவேணும். சத்தம் கேக்காட்டி அது முந்தநாள் பழம், துப்பிப்போடும். நல்ல பிங் எண்டால் சாறு நாடியால வழியும். உந்த வெள்ளைச் சட்டையை ஏன் போட்டுக்கொண்டு வந்தனீர்? மாமி சொல்லேல்லையோ?

எல்லாத்துக்கும் மேல ரெயினியர். இவர் அதை வெள்ளைச் செரி எண்டுதான் சொல்லுவார். வெள்ளை இல்லை, மஞ்சள். வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவந்திருக்கும். தோல் சரியான மெல்லிசு, விரலால அமத்தினால் அந்த இடம் மண்ணிறமாப் போயிடும். தேன் எண்டு சொல்லுவினம். தேன் திகட்டும் பிள்ளை, இது திகட்டாது. குருவியளுக்கும் அது தெரியும், அரைவாசியைத் திண்டுபோட்டுத்தான் எங்களுக்கு விடும். அதைக் காம்போட புடுங்கவேணும். காம்பின்ர அடியில ஒரு சின்ன முண்டு இருக்கும். அந்த முண்டோட பிய்ச்சால் அந்த இடத்தில இனி ஒரு நாளும் காய்க்காது. அவசரக்காரர் ஒரு பழத்துக்காகப் பத்து வருஷத்துப் பழத்தைப் பிய்ச்சுக்கொண்டு போவினம். இதெல்லாம் எனக்கு இவர்தான் காட்டித்தந்தவர்.

இவர் எண்டால் என்ர மனுசன். பேர் சொல்லமாட்டன். குலவீரண்ணை எண்டு கேட்டால் இந்த பஸ்ஸில பாதிப்பேருக்குத் தெரியும். இல்லை, இண்டைக்கு எங்களோட வரேல்லை. அவர் அங்கதான் நிக்கிறார்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? செத்துப்போனார்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், யூலை மாசம். ஆனால் அங்கதான் நிக்கிறார். இரும், ஒழுங்காச் சொல்லுறன். எனக்கு முதலில இருந்து சொன்னால்தான் வரும்.

நாங்கள் முள்ளியவளைப் பக்கம். வயல்காரர். என்னைப் பெத்த அப்பு, சூடு மிதிச்சு நெல்லுப் பிரிக்கிற களத்தில ஒரு சொல்லைச் சொல்ல விடமாட்டார். காணும் எண்ட சொல். உங்கட சென்னையில போதும் எண்டுறியள், அதுதான் எங்கட காணும். நெல்லுக் குவிஞ்சுகொண்டு இருக்கேக்க ஒருத்தர் காணும் எண்டால், வாறது அதோட நிண்டுபோம் எண்டு பயம். நெல்லை நெல்லெண்டும் சொல்லமாட்டினம் அங்க, பொலி எண்டுதான் சொல்லுறது. காணுமோ எண்டு ஆரும் வாய்தவறிக் கேட்டால், பொலியட்டும் எண்டுதான் மறுமொழி. பெருகட்டும் எண்டு அர்த்தம். நான் அந்தக் களத்தில ஓடித்திரிஞ்சு வளந்தனான். இண்டைக்கும் ஆரும் சோறு போட்டால் கையாலதான் மறிப்பன், வாயால வராது.

இப்ப சொல்லுறீங்கள்தானே எண்டு கேப்பீர். கதையில சொல்லுறது வேற. ஒருத்தர் கேக்க, மறுமொழியாச் சொல்லுறது வேற. அதை நான் என்ர சீவியத்தில சொன்னதில்லை.

இவருக்கு அது சரியான பகிடி. இவர் யாழ்ப்பாணம் ரவுணில, பட்டணத்தில வளந்தவர், களம் கண்டவரில்லை. கலியாணம் கட்டின புதுசில தேத்தண்ணியை என்ர கோப்பையில ஊத்துவார், காணுமோ, காணுமோ எண்டு கேட்டுக்கொண்டு ஊத்துவார். நான் பொலியட்டும் எண்டுவன். கோப்பை வழிஞ்சு தட்டு வழிஞ்சு என்ர சீலையில ஊத்துப்படுமட்டும் விடமாட்டார். பேந்து ரண்டுபேரும் சிரிப்பம். அதுதான் எங்கட விளையாட்டு. வேற ஆக்களுக்கு முன்னால என்ர கையைக்கூடப் பிடிக்காத மனுசன், இதை மட்டும் எங்கயும் கேப்பார்.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த பிறகு பதினேழு வருஷம் இந்தத் தோட்டத்துக்கு வந்தனாங்கள். ஒரு யூலையும் விடேல்லை. அவர் ஏணியில, நான் கீழ. இடுப்பில ஒரு பை கட்டியிருப்பார். பை நிறைஞ்சால் கயித்தில இறக்குவார், நான் வாளியில கொட்டுவன். கொப்புக்குள்ள தலையும் தெரியாது, காலும் காலில போட்ட அந்தப் பழைய சப்பாத்தும் மட்டும்தான் தெரியும். "மங்கை, காணுமோ?" எண்டு மேல இருந்து சத்தம் வரும். "பொலியட்டும்" எண்டுவன். ஒரு சிரிப்புக் கேக்கும். பேந்து அடுத்த கொப்புக்குக் கை போகும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்தண்ணியில கழுவி, ஒரு பெரிய சட்டியில போட்டு நடுவில வைச்சுக்கொண்டு, ரண்டுபேரும் கொட்டையைத் துப்பித்துப்பிச் சாப்பிடுவம். அந்த ஒரு கிழமைக்குச் சமையல் இல்லை. அவர் சீனி வருத்தக்காரன், உங்கட சர்க்கரை வியாதி, நாலு பழத்துக்கு மேல சாப்பிடப்படாது. நாற்பது சாப்பிட்டுப்போட்டு, கொட்டையளைச் சட்டைப்பைக்குள்ள ஒளிப்பார். அவர் போன பிறகு அவரின்ர உடுப்புகளை எடுக்கேக்க, குளிர்ச்சட்டைப் பைக்குள்ள இருபத்தொரு கொட்டை இருந்தது. ஒண்டையும் எறியேல்லை நான்.

சரி, அண்டைக்கு நடந்ததைச் சொல்லுறன்.

அந்த வருஷம் மூண்டு நாள் விடாத மழை. பழுத்த செரிக்கு மழை ஆகாது, தோல் வெடிச்சிடும். பிங் எல்லாம் வெடிச்சுப் புளிச்சு மணத்துது. ரெயினியர் வரிசையில கீழ்க் கொப்பு மொட்டை, எங்களுக்கு முந்தி வந்த ஆக்கள் வழிச்சுக்கொண்டு போட்டினம். உச்சியில மட்டும் கொஞ்சம் நிண்டது. இவரின்ர தங்கச்சி தவமணி, என்ர மச்சாள், அவவும் அந்தமுறை வந்தவ. வந்தவ சும்மா இருக்கலாமெல்லோ? "இந்த முறை வெள்ளைச் செரி குருவிக்குத்தான் அண்ணி, உங்களுக்கில்லை" எண்டு ஒரு நக்கல். எனக்கு ரோசம் வந்திட்டுது. பாப்பம் எண்டன்.

ஏணி மூண்டு கால் ஏணி. மழையில மண் இளகிப்போய் இருந்திருக்கு, மூண்டாம் கால் புதைஞ்சுதாம். அதுக்கு நான் என்ன செய்யிறது? ஏணியை வைச்சது அவர். ஏறினது அவர். விடியவெள்ளன ஒரு பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் எடுத்தவர், முழங்கால் வேற நோகும். ஏறாதேங்கோ எண்டு நான் சொல்லியிருக்கலாம்தான். நாற்பத்திரண்டு வருஷத்தில நான் சொல்லி அவர் எதைக் கேட்டவர்? நான் வாளியைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

முதல்தரம் கேட்டார், காணுமோ எண்டு. பொலியட்டும் எண்டன். சிரிச்சார். ரண்டாம் தரம் கேட்டார். குரல் கொஞ்சம் களைச்சிருந்தது, சிரிப்பு வரேல்லை. பொலியட்டும் எண்டன். எனக்கும் கை நோ பாரும், அந்த வாளியின்ர பாரம், ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாத்தி மாத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். தவமணி அங்கால மரத்துக்குக் கீழ நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவ. மூண்டாம் தரம், "மங்கை, காணுமோ?" எண்டார். மெதுவாத்தான் கேட்டவர். நான் பொலியட்டும் எண்டன். ஒரு சப்பாத்து மேல்படிக்குப் போனதைக் கண்டனான். பேந்து ஏணி சரிஞ்சுது.

ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில கிடந்தவர். ஏழாம் நாள் ஒருக்காக் கண் முழிச்சார். வாய் அசைஞ்சுது. என்ர மகன் பிரதாபன் பக்கத்தில நிண்டவன், "அப்பா என்னவோ கேக்கிறார் அம்மா, உங்களுக்கு விளங்குதோ?" எண்டான். தண்ணி கேக்கிறார் எண்டு சொன்னனான்.

உமக்கு விளங்கும்தானே பிள்ளை, அவர் என்ன கேட்டவர் எண்டு.

செத்தவீட்டில தவமணி நெஞ்சில அடிச்சு, "என்ர அண்ணையை மேல ஏத்திச் சாகடிச்சது இவதான்" எண்டு கத்தினா. அத்தினை சனத்துக்கு முன்னால. நான் ஏத்தினனானோ? நான் என்ன, பிடரியில பிடிச்சுத் தள்ளினனானோ? வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவளைப் பாத்து அப்பிடிச் சொல்லுறதோ? அண்டையில இருந்து அவவோட கதை பேச்சில்லை. இனியும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆத்மா சாந்தியடைஞ்சிட்டுது அம்மா எண்டு ஐயர் சொன்னார். அடுத்தநாள் விடிய நான் சோத்துக்கு அரிசி போட்டுக்கொண்டு நிக்கிறன், தலைக்கு மேல கேக்குது, "மங்கை, காணுமோ?" மேல ஒருத்தரும் இல்லை, கூரைதான். சட்டிக்குத் தண்ணி விட்டால் கேக்குது. பூவுக்குத் தண்ணி ஊத்தினால் கேக்குது. கோபமில்லாத குரல். அண்டைக்கு மூண்டாம் தரம் கேட்ட மாதிரியே மெதுவா. ஐயரிட்டப் போய்ச் சொன்னனான், ஐயா, அவர் இன்னும் ஏணியில நிக்கிறார் எண்டு. ஐயர் என்ர மகனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டார்.

போன வருஷம் ஆட்டத்திவசம். முதல் வருஷத் திவசம்தான். அவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கவேணும். வாழையிலையில சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை. கடையில ரெயினியர் வாங்கிவைச்சனான், தோட்டத்துக்கு மகன் விடேல்லை. ஒரு கை அள்ளி இலையில வைச்சன். காணுமோ எண்டு கேட்டுது. இன்னொரு கை வைச்சன். பேந்தும் கேட்டுது. நான் என்ன செய்ய? அள்ளி அள்ளி வைச்சன். சோறு மறைஞ்சுபோச்சு, பழம் இலையால உருண்டு நிலமெல்லாம் ஓடுது, விளக்கு நூந்துபோச்சு. வந்த சனம் வாயில கையை வைச்சுக்கொண்டு நிக்குது. பிரதாபன் ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சு, "அம்மா, காணும்! காணும் அம்மா!" எண்டு கத்தினான்.

அடிச்சுப்போட்டன். நாற்பது வயசுப் பெடியன்ர கன்னத்தில, பெஞ்சாதி பிள்ளையளுக்கு முன்னால. அவன் அழுதான். அவன் ஆர் அந்தச் சொல்லைச் சொல்ல? அவர் அவனையோ கேட்டவர்?

அதுக்குப் பிறகு டொக்டர், குளிசை. குளிசை எண்டால் உங்கட மாத்திரை. ஒரு மாசம் ஒழுங்காப் போட்டன். சும்மா சொல்லப்படாது, நல்ல குளிசை. சத்தம் நிண்டிட்டுது. அரிசி போட்டாலும் இல்லை, தண்ணி விட்டாலும் இல்லை. வீடு கம்மெண்டு கிடந்தது. நான் ஒவ்வொரு அறையாப் போய்த் தண்ணிப் பைப்பைத் திறந்து பாத்தன். ஒண்டுமில்லை. அந்த மாசம்தான் பிள்ளை எனக்கு மனுசன் செத்த மாதிரி இருந்தது. இப்ப போடுறேல்லை. மருமகள் தந்தால் நாக்குக்குக் கீழ வைச்சிருந்து பேந்து துப்பிப்போடுவன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.

ஆனால் இது சரியில்லைத்தானே? ரண்டு வருஷமா ஒரு மனுசன் ஏணியில நிண்டால் என்னாகும்? முழங்கால் நோக்காரன். வெயில், மழை, இஞ்சத்தை ஸ்நோ. இறங்க விடவேணும். அதுக்குத்தான் வாறன். மகனுக்குக் கோயிலுக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அந்த மரத்துக்குக் கீழ நிண்டு, அவர் கேக்க, ஒருக்காக் காணும் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான் அலுவல். வீட்டில பழகிப் பாத்தனான், குளிக்கிற அறையில. கா எண்டுமட்டும் வருகுது. மிச்சம் அங்க போனால் வரும்.

இந்தா, பஸ் திரும்புது. மாமியை எழுப்பும்.

இஞ்சால வாரும், அவையள் நிழலைத் தேடட்டும். வாளியை நான் வைச்சிருக்கிறன். இது பிங். இந்தா, வாயில போடும். சத்தம் கேட்டுதோ? எப்பிடி? நான் சொன்னன்தானே. சட்டையைப் பாரும், முடிஞ்சுது! பரவாயில்லை, முதல் செரிக் கறை, கிடக்கட்டும். அது ஸ்டெல்லா. நாலு புடுங்கும், காம்போட. ஆ, அப்பிடித்தான், நல்ல கை உமக்கு.

ரெயினியர் வரிசை உதுதான். எட்டாவது மரம். இந்த முறை மழை இல்லை, கீழ்க் கொப்பெல்லாம் நிலத்தில முட்டுது பாரும். ஏணியே தேவையில்லை. ஏணி கிடக்குத்தான், ஆரோ சாத்திப்போட்டுப் போயிருக்கினம். அதில ஏறவேண்டாம் பிள்ளை. கீழ நிண்டு புடுங்கும். ஒண்டு சாப்பிட்டுப் பாரும். என்ன, அடுத்ததுக்குக் கை போகுது? இதைத்தான் சொன்னனான். கண்ணை மூடிக்கொண்டு இன்னுமொண்டு சாப்பிடும்.

போடும், வாளியில போடும்.

உமக்குக் கேட்டுதோ?

இல்லையோ. சரி. மேல பாராதையும், நீர் புடுங்கும். கேட்டுது எனக்கு. முதல்தரம்.

சொல்லத்தான் போறன். இரும், மூச்சு வாங்குது.

வாளி நிறைஞ்சுதான் இருந்தது பிள்ளை. அண்டைக்கு. ரண்டாம் தரம் அவர் கேக்கேக்கயே நிறைஞ்சிட்டுது. விளிம்பால உருண்டு விழுந்ததுகளைக் காலால அங்கால தள்ளிப்போட்டு நிண்டனான். தவமணி பாக்கட்டும் எண்டு நிண்டனான். அவர் களைச்சுப்போனார் எண்டு குரலிலயே தெரிஞ்சுது எனக்கு. நாற்பத்திரண்டு வருஷம் கேட்ட குரல், தெரியாமல் இருக்குமோ? நான்தான் ஏத்தினனான். பிடரியில பிடிச்சுத் தள்ளேல்லை, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உமக்குத்தான் சொல்லுறன்.

கேக்கிறார். ரண்டாம் தரம்.

இஞ்சாருங்கோ. நான்தான், மங்கை. வந்திட்டன். இந்த முறை நல்ல பழம் என்ன...

பிள்ளை, சொன்னால் இறங்குவார். மெய்தானே? இறங்கினால் பேந்து எங்க போவார்? வீட்டுக்கோ வருவார்? சட்டியை நடுவில வைச்சுக்கொண்டு முன்னுக்கு இருப்பாரோ? இறங்கினால் போயிடுவார். பேந்து ஆர் இருக்கினம் எனக்கு, மேல இருந்து மங்கை எண்டு கூப்பிட? அந்த ஒரு மாசம் வீடு கிடந்த கிடை உமக்குத் தெரியாது.

இந்தா. மூண்டாம் தரம். எவ்வளவு மெதுவாக் கேக்கிறார் பாரும்.

பொலியட்டும். இஞ்சாருங்கோ, பொலியட்டும், பொலியட்டும்.

அழேல்லை, வெயில். பஸ்காரன் ஹோன் அடிக்கிறான், வாரும். வாளியை நீர் தூக்கும், எனக்குக் கை நோகுது. விழுறதுகளைப் பொறுக்கவேண்டாம், கிடக்கட்டும். அடுத்த வருஷம் சொல்லுவன், கட்டாயம் சொல்லுவன். இந்த முறை பழம் நல்லா வந்திருக்கு பிள்ளை, அவருக்கும் கொஞ்சம் நிண்டு புடுங்க ஆசையாத்தான் இருக்கும்.